பத்து ரூபாய்க் காற்றும் ஐம்பது மில்லிமீட்டர் தண்ணீரும்

“விதியெல்லாம் பிளான் பாஸ் ஆவதற்குத்தான்” என்று கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும்போது குரலில் தயக்கம் இருப்பதில்லை. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழில் ரகசியம் போலவே அது வருகிறது. தீயணைப்பு விதிக்காவது கொஞ்சம் பயம் இருக்கிறது. தூணுக்குள் போகும் கம்பிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. காற்றோட்டத்துக்கும் கழிவுநீருக்கும் எழுதிவைத்த விதிகளுக்கு அதுவும் கிடையாது. கடையோ அலுவலகமோ கட்டும் இடத்தில் நின்று, ஒரு ஆளுக்கு நொடிக்கு எத்தனை லிட்டர் வெளிக்காற்று, ட்ரெயின் பைப்புக்கு எவ்வளவு வாட்டம், ட்ராப்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அதை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வதே நியாயம். இந்த விதிகள் குளிர்நாட்டுக்காரர்கள் அடைத்துக் கட்டும் வீடுகளுக்காக எழுதியவை, நம்முடையதோ காற்றோட்டமான ஊர் என்பது முதல் பகுதி. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் வெளிக்காற்றை ஏசி அறைக்குள் விட்டால் கரன்ட் பில் எகிறும், அது வசதி உள்ளவர்கள் விளையாட்டு என்பது இரண்டாவது. தண்ணீர் பள்ளத்தை நோக்கித் தானே ஓடிவிடும், அதற்கு ட்ராப் என்றும் வென்ட் என்றும் பைப்புக்கு மேல் பைப் போடுவது கன்சல்டன்ட் பிழைப்பதற்கான வழி என்பது மூன்றாவது. முட்டாள்கள் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். இருபது முப்பது வருடம் தொழில் செய்த, நல்ல கட்டடங்கள் எழுப்பிய ஆட்களும் இதையே சொல்கிறார்கள். மூன்றுமே தவறு என்பது என் கட்சி. காற்றையும் கழிவுநீரையும் இரண்டு தனித்தனிச் செலவாகப் பார்ப்பதுதான் தவறின் வேர்.

குளிர்நாட்டு விதி என்ற குற்றச்சாட்டு சீக்கிரம் விழுந்துவிடும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதலில் வந்தது 1970இல். பிறகு 1983, 2005, 2016 என்று திருத்தப்பட்டது. அறைகளுக்கு எவ்வளவு திறப்பு வேண்டும் என்று அது சொல்லும் இடத்தைப் பாருங்கள். கதவைக் கணக்கில் சேர்க்காமல், குளிர்ப் பகுதிக்குத் தரைப்பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு. அதிகப் பங்கு யாருக்கு? கடலோரத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் நமக்குத்தான். இதை எழுதியவர்கள் சிம்லாவை மனதில் வைத்து எழுதவில்லை.

சன்னலைத் திறந்துவைத்து, காற்று குறுக்கே ஓடும்படி கட்டினால் ஃபேன் போட்டுக் காற்றை உள்ளே தள்ள எந்த விதியும் கேட்காது. இயற்கைக் காற்றோட்டத்துக்கு அந்தத் தொகுப்பிலேயே தனி இடம் உண்டு. ஆனால் ஓ.எம்.ஆர். சாலையின் இரு பக்கமும் எழுந்து நிற்பவை திறக்கவே முடியாத கண்ணாடிப் பெட்டிகள். தி.நகர் ஜவுளிக்கடையின் நான்காவது மாடியில் சன்னல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்; அலமாரிக்குப் பின்னால் பிளைவுட் அடித்து மூடியிருப்பார்கள். முற்றமும் திண்ணையும் வைத்துக் கட்டிய ஊர் என்ற பெருமையை இந்தப் பெட்டிகளுக்காகக் கடன் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஏசி இருக்கிறதே என்பார்கள். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசியும் கூரையில் பதிக்கும் சாதாரண கேசட் ஏசியும் வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காற்றைக்கூடக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிர்வித்து, திருப்பித் துப்புகின்றன. வெளியே ஓடும் பெட்டி வெப்பத்தைத் தள்ளுகிறதே ஒழிய, காற்றை மாற்றுவதில்லை. இது தெரியாமலே பத்து வருடமாக ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். ட்யூஷன் சென்டரில் மாலை ஐந்து மணிக்குமேல் பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்குக் காரணம் பாடம் மட்டும் இல்லை.

கணக்கு எளிது. உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு. அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு வகுத்த 62.1 தரநிலைப்படி, வழக்கமான நெருக்கம் உள்ள அலுவலகத்துக்கு ஆளுக்கு நொடிக்கு எட்டரை லிட்டர் வெளிக்காற்று வருகிறது. அதைக் கொடுத்தால் அறையில் கரியமில வாயு ஆயிரம் பங்கு அளவில் நிற்கும். நொடிக்கு ஒரு லிட்டர்தான் கொடுப்பேன் என்றால், கதவைச் சாத்தி நேரம் ஆக ஆக அது 5,400 வரை ஏறும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிற்கூடப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் உச்ச வரம்பே 5,000தான்.

நொடிக்கு ஒரு லிட்டர் என்பதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஒரு உணவகத்தின் மூன்றாவது மாடி, சன்னல் இல்லாத கூடம். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதிய உணவு சாப்பிட்டன. ஒரு குடும்பம் வூஹானிலிருந்து வந்தது. மூன்று குடும்பத்திலுமாகப் பத்துப் பேருக்குக் கொரோனா. பிறகு ஆய்வாளர்கள் அந்தக் கூடத்தில் அளந்து பார்த்தபோது, ஆளுக்குக் கிடைத்த வெளிக்காற்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அன்று ஓடவில்லை. ஏசி மட்டும் ஒழுங்காக ஓடி, அந்த மூன்று மேசைகளின் மூச்சையும் ஒரே வளையத்துக்குள் சுற்றவிட்டது. அங்கே சாப்பிட்ட யாரும் புழுக்கமாக இருக்கிறது என்று புகார் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

இனி கரன்ட் பில். இந்த வாதத்தை நமக்கு முன்னால் அமெரிக்கா சொல்லிப் பார்த்துவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்தை மிச்சப்படுத்த, புகைபிடிக்காத அலுவலகத்துக்கான வெளிக்காற்றை 1981இல் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடியாகக் குறைத்தார்கள். நொடிக்கு இரண்டரை லிட்டர்கூட இல்லை. தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் சோர்வு என்று அந்தக் காலத்து அடைத்த கட்டடங்களிலிருந்து புகார்கள் குவிந்தன. உலக சுகாதார நிறுவனம் 1984இல், புதிதாகக் கட்டிய, புதுப்பித்த கட்டடங்களில் முப்பது சதவீதம் வரை இப்படி இருக்கக்கூடும் என்றது. 1989இல் அளவு அலுவலகத்துக்கு 20 கன அடியாக மேலே போனது. மற்றவர் பட்டுத் திரும்பிய பாதையில்தான் நாம் இப்போது சிக்கனம் என்ற பெயரில் நடந்துகொண்டிருக்கிறோம்.

சரி, எவ்வளவுதான் ஆகும்? சென்னையின் வழக்கமான பகல் காற்றை, 33 டிகிரியும் நல்ல ஈரமுமாக, ஆளுக்கு எட்டரை லிட்டர் வீதம் உள்ளே எடுத்து 24 டிகிரி அறைக்கு ஏற்றபடி காயவைத்துக் குளிர்விக்க, ஓரளவு நல்ல இயந்திரத்தில் ஏறத்தாழ நூறு வாட் போதும். பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஊழியர் நாள் முழுக்க மூச்சுவிட ஆகும் செலவு பத்து ரூபாய். அதே அலுவலகத்தின் வாசலில் ஒரு டீ அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. வெளியேறும் குளிர்காற்றை வைத்து உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் சக்கரம் ஒன்றைப் போட்டால் அதிலும் பாதிக்குப் பாதி மிச்சமாகும். இந்தப் பணத்தை யார் கட்டுவது என்பதுதான் உண்மையான சண்டை. டக்ட் போடும் செலவு கட்டுபவர் தலையில், கரன்ட் வாடகைக்காரர் தலையில், தலைவலி ஊழியர் தலையில். மூவருக்கும் தனித்தனிக் கணக்கு இருப்பதால்தான் பத்து ரூபாய் பெரிய தொகையாகத் தெரிகிறது.

வெளிக்காற்றே புகையும் தூசியுமாக இருக்கிறது, அதை எதற்கு உள்ளே விடவேண்டும் என்று ஒரு கேள்வியும் உண்டு. நல்ல கேள்வி. அதனால்தான் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள்; அதனால்தான் காற்று எடுக்கும் வாய், கழிவுநீர் வென்ட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தும் குறைந்தது பத்து அடி தள்ளி இருக்கவேண்டும் என்று சர்வதேச இயந்திரவியல் விதித்தொகுப்பு சொல்கிறது. வெளிக்காற்று கெட்டுப்போயிருப்பது விதியைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. கூவத்துப் பக்கம் ஏசியின் செம்புக் குழாய் சீக்கிரம் அரித்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு, காற்று எடுக்கும் வாயை எங்கே வைப்பது என்பது அழகியல் பிரச்சினை இல்லை என்று தெரியும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். இங்கேதான் ‘நம்ம ஊர்’ வாதம் தலைகீழாகிறது.

ஈரக்காற்றைக் குளிர்வித்தால் தண்ணீர் சொட்டும். மேலே சொன்ன கணக்குப்படி, ஆளுக்கு விடும் வெளிக்காற்றிலிருந்து மட்டும் மணிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் தண்ணீர் பிரிகிறது. இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு தளத்தில், பத்து மணி நேரத்துக்கு 650 லிட்டர் அளவுக்கு வரும். ஆட்களின் மூச்சும் வியர்வையும் தனி. இந்தத் தண்ணீர் லண்டனில் இவ்வளவு வராது. ஆக, ட்ரெயின் பைப் விதி குளிர்நாட்டுக்காரனைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. அந்த விதி கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: நூற்றுக்கு ஒன்று வாட்டம், முக்கால் அங்குலத்துக்குக் குறையாத பைப். பத்து மீட்டர் ஓட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிவிளக்கும் கேபிளும் ஸ்ப்ரிங்க்ளரும் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு கடைசியாக வரும் ஏசிக்காரருக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் மிஞ்சுவதில்லை. பைப்பைத் தட்டையாகப் போட்டு, நடுவில் ஒரு தொய்வும் விட்டுவிட்டுப் போகிறார். ஆறு மாதத்தில் வெள்ளை சீலிங் பலகையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் தோன்றும். அதற்குக் கீழே ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒரு பக்கெட்டை வைப்பார். பல அலுவலகங்களில் அந்தப் பக்கெட் தளவாடப் பட்டியலில் சேரத் தகுதி பெற்றுவிட்டது.

தண்ணீர் தானே இறங்கிவிடும் என்பவர்கள் ஏ.எச்.யூ. என்னும் பெரிய ஏசிப் பெட்டி நிற்கும் அறைக்குள் ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஃபேன் காயிலுக்கு அந்தப் பக்கம் இருந்து காற்றை உறிஞ்சுகிறது. காயிலில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் ட்ரே இருக்கும் இடத்தில் ஐம்பது மில்லிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான உறிஞ்சல் இருப்பது சாதாரணம். தண்ணீர் தேங்கி நிற்கும்படி வளைத்த ட்ராப் இல்லாமல் நேர் பைப் போட்டால், தண்ணீர் கீழே வருவதற்குப் பதில் காற்று மேலே ஏறும். ட்ரேயில் தண்ணீர் தேங்கி நிற்கும், பாசி பிடிக்கும், அந்தப் பாசியின் மேல் ஓடிய காற்றுத்தான் எல்லா மேசைக்கும் போகும். மாலையில் பெட்டியை அணைத்ததும் தேங்கியது குபீரென்று இறங்கும். புவியீர்ப்பை நம்பியவருக்குப் புவியீர்ப்பு ஃபேன் நின்ற பிறகுதான் வேலை செய்கிறது. இன்னும் மோசம், பக்கத்தில் இருக்கிறது என்று அந்தப் பைப்பைக் கழிப்பறையின் சாயில் பைப்பிலேயே சொருகிவிடுவது. அப்போது அந்த ஃபேன் கழிப்பறைக் குழாயின் வாயுவை உறிஞ்சி, குளிர்வித்து, டக்ட் வழியாகப் பகிர்ந்து கொடுக்கிறது. ஏசி தண்ணீர் ஒரு இடைவெளி விட்டு ஃப்ளோர் ட்ராப்பில் விழவேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான்.

ட்ராப்பில் நிற்கும் ஐம்பது மில்லிமீட்டர் தண்ணீர்தான் கட்டடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு. அந்தக் கதவைக் காப்பாற்றுவது வென்ட் பைப். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று திணறித்தான் வரும். காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஊற்றும். மேல் மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் தளத்துக் குளியலறைத் தரையில் உள்ள நஹானி ட்ராப் ‘குளுக்’ என்று சத்தம் போட்டால், அங்கே இரண்டாவது ஓட்டை இல்லை என்று பொருள். இறங்கும் தண்ணீர் தனக்கு வேண்டிய காற்றை உங்கள் ட்ராப் வழியாக இழுத்துக்கொண்டது. போகிற போக்கில் கதவையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஒற்றைக் குழாய் முறைக்கு விதியிலேயே அனுமதி இருக்கிறதே என்று இங்கே ஒரு குறுக்குக்கேள்வி வரும். இருக்கிறது. குழாயின் விட்டம், ட்ராப்பின் ஆழம், இணைப்பின் தூரம் என்ற நிபந்தனைகளோடு இருக்கிறது. நம் சைட்டுகளில் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வருகிறார்கள்.

காற்றும் கழிவுநீரும் ஒரே கணக்கு என்பதற்கு ஹாங்காங் பெரிய விலை கொடுத்தது. கௌலூனில் உள்ள அமோய் கார்டன்ஸ் குடியிருப்பு, 2003 மார்ச். சார்ஸ் தொற்றோடு வயிற்றுப்போக்கும் இருந்த ஒருவர் ‘ஈ’ பிளாக்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு இருமுறை வந்து கழிப்பறையைப் பயன்படுத்தினார். அந்த வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது; 42 பேர் இறந்தார்கள். ஹாங்காங் சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் ஆராய்ந்தபோது தெரிந்த பாதை இது: குடியிருந்தவர்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் பல வீடுகளில் தரை ட்ராப்கள் காய்ந்து கிடந்தன. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அந்தச் சிறிய அறைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பெரிய அந்த ஃபேன், பொதுச் சாயில் பைப்பிலிருந்த நுண்துளிகளைக் காய்ந்த ட்ராப் வழியாக உள்ளே இழுத்தது. பிறகு அதையே குறுகலான வெளிச்சக் கிணற்றுக்குள் தள்ளியது; அங்கிருந்து மேல் மாடிகளுக்கு ஏறியது. ஃபேன் கெடவில்லை, குழாய் அடைக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே வேலை செய்துகொண்டிருந்தன.

அது வீடு, வணிகக் கட்டடம் இல்லையே என்று சமாதானம் சொல்லலாம். வணிகக் கட்டடத்தில் நிலைமை இன்னும் மோசம். வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் தளங்கள், யாரும் நுழையாத மாற்றுத்திறனாளி கழிவறை, கான்ஃபரன்ஸ் ஹாலை ஒட்டிய பான்ட்ரி என்று ட்ராப் காய்வதற்கு ஏகப்பட்ட இடங்கள் உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் கழிவறைக் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்டை ஓடவிட்டு, தரைச் சல்லடையின் மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். அது படபடத்தால் மூக்கை நம்பத் தேவையில்லை.

ஹோட்டல் சமையலறை இதன் உச்சம். அடுப்புக்கு மேலே ஹூட் போட்டு ராட்சத ஃபேனை வைக்கிறார்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்றுவிட வழி வைப்பதில்லை. பின்கதவு திறக்க மறுக்கும், கேஸ் அடுப்பின் சுடர் சாயும், சாப்பாட்டுக் கூடத்தின் ஏசிக் காற்று முழுக்கச் சமையலறை வழியாகக் கூரைக்குப் போகும். வேறு எங்கிருந்தும் கிடைக்காத மீதிக் காற்றைச் சாக்கடைதான் கொடுக்கவேண்டும். எண்ணெய் தடுக்கும் கிரீஸ் ட்ராப் வைக்காத, வைத்தாலும் சுத்தம் செய்யாத இடங்களில் கொழுப்பு உறைந்து பைப் அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. டிராயிங்கில் மிச்சப்படுத்திய கிரீஸ் ட்ராப்பின் விலையை அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்த கான்ட்ராக்டருக்கும் இதுவரை தோன்றவில்லை.

கடைசியாக மிஞ்சுவது ஒரு வாதம். தேசியத் தொகுப்பு வெறும் பரிந்துரை, மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் கட்டாயம். அதிகாரிகள் டிராயிங்கைப் பார்க்கிறார்களே தவிர காற்றை அளப்பதில்லை. அப்படியிருக்க நான் மட்டும் ஏன்? இதில் பாதி உண்மை. கட்டடம் முடிந்தது என்ற சான்றிதழ் வாங்கும்போது யாரும் கையில் அனிமோமீட்டரோடு வருவதில்லை. அதற்குப் பிறகு வாடகைக்கு வருபவர் தன் இன்டீரியர் ஆளை வைத்து சீலிங்கை இறக்குகிறார், நாற்பது பேர் உட்காரும் இடத்தில் எழுபது மேசை போடுகிறார், காற்று வரும் கிரில்லின் மேல் லோகோவை ஒட்டுகிறார். ஆனால் இதிலிருந்து விதி வீண் என்ற முடிவுக்கு எப்படிப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அளக்காதது குறை என்றால் அளக்கவேண்டும். டக்ட் ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்து சமன்செய்து அறிக்கை தருவது ஏசித் தொழிலில் புதிய வித்தை ஒன்றுமில்லை. குழாய்களைத் தண்ணீர் நிரப்பியோ புகைவிட்டோ சோதிப்பதும் பழைய பழக்கம்தான். பில்லில் ஒரு வரியாக அவை இருக்கும், பேரம் பேசும்போது முதலில் அடிபடும்.

அதிகாரி கேட்காததை வாடகைக்காரர் கேட்கலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதற்கு முன், ஒவ்வொரு தளத்துக்கும் அளந்த வெளிக்காற்றின் அறிக்கையைக் கொடுங்கள் என்று கேட்கட்டும். ஏ.எச்.யூ. ட்ராப் எங்கே இருக்கிறது, ஏசி தண்ணீர் எந்த இடத்தில் போய் விழுகிறது, வென்ட் பைப் மொட்டைமாடியில் எங்கே முடிகிறது, அதற்கும் காற்று எடுக்கும் வாய்க்கும் எத்தனை அடி என்று கூட நடந்து காட்டச் சொல்லட்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கரியமில வாயு மீட்டர் கிடைக்கிறது. ஆட்கள் நிறைந்திருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அதை மேசையில் வைத்தால், ஆயிரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா, மூவாயிரத்தைத் தாண்டுகிறதா என்று கட்டட உரிமையாளரும் சேர்ந்தே பார்க்கலாம். தாண்டினால் அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.